ஒரே திருகியில் மலையகத்து மாலை: மாதிரி ரயில் தளத்துக்கு விளக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் முறை

மலையகத்து ஸ்டேசன் ஒன்றையும் அதைச் சுற்றிய தோட்டத்தையும் அழகாகச் செய்து முடித்தவர்கள் பலர், விளக்கு என்று வரும்போது ஒரு சுவிட்சோடு நிறுத்திவிடுகிறார்கள். சுவிட்சைத் தட்டினால் ஃபெக்டரி, லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்), கோயில், கடை எல்லாம் ஒரே நொடியில் எரியும். தோட்டத்து மாலை அப்படி வருவதில்லை. கொழுந்து வாட்டும் மேல்மாடிகளில் முதலில் வெளிச்சம் தெரியும். பிறகு கோயில், ஸ்டேசன் மேடை, கடை. அதன்பின் லயத்துக் காம்பராக்கள். இரவு முற்றியதும் லயம் அணைந்துவிடும், ஃபெக்டரி விடிய விடிய எரியும். வெளிச்சம் வருமுன்பே லயத்துச் சமையலறைகள் மறுபடி விழித்துக்கொள்ளும்.

இந்த வரிசை முழுவதையும் ஒரே திருகியால் நடத்தும் பெட்டியை இங்கே படிப்படியாகச் சொல்கிறோம். இதில் கணினி நிரல் கிடையாது. மைக்ரோ கன்ட்ரோலர் வைத்தும் இதைச் செய்யலாம். ஆனால் இந்தச் சுற்றில் ஒவ்வொரு விளக்கின் நேரத்தையும் சின்ன ஸ்குரூ ட்ரைவரால் மாற்றலாம், பழுது வந்தால் மல்டிமீட்டர் ஒன்றே போதும், பாகங்கள் எல்லாம் சாதாரணமானவை. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு ஒருமுறை போய்வந்தால் அநேகமாக எல்லாவற்றையும் வாங்கிவிடலாம்.

அடிப்படை

பெட்டிக்குள் 0 முதல் 5 வோல்ட் வரை மெதுவாக ஏறி இறங்கும் ஒரு வோல்ட்டளவை உண்டாக்குகிறோம். அதற்கு "இருட்டு வோல்ட்" என்று பெயர் வைத்துக்கொள்வோம். 0 என்றால் நண்பகல், 5 என்றால் நள்ளிரவு. ஒவ்வொரு விளக்குக் கூட்டத்துக்கும் ஓர் எல்லை வோல்ட் உண்டு. இருட்டு வோல்ட் அந்த எல்லையைத் தாண்டியதும் விளக்கு எரியும், கீழே இறங்கியதும் அணையும். ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையைச் செய்வது எல்.எம்.339 என்ற கம்பரேட்டர் ஐ.சி. ஒரு ஐ.சி.யில் நான்கு கம்பரேட்டர்கள் இருக்கின்றன.

லயம், கோயில், கடை ஆகியவற்றுக்கு இரண்டு எல்லைகள் வேண்டும்: எரிவதற்கு ஒன்று, இரவில் அணைவதற்கு ஒன்று. இதற்கு எல்.எம்.339 மிகவும் பொருத்தம். அதன் வெளியீடு கீழே இழுக்க மட்டுமே தெரிந்தது. ஆகவே இரண்டு கம்பரேட்டர்களின் வெளியீட்டுக் கால்களை நேரடியாக ஒன்றாகச் சேர்த்துவிடலாம். இரண்டும் விட்டுக்கொடுத்தால்தான் விளக்கு எரியும். விடியலுக்காகத் தனியே எதையும் செய்யத் தேவையில்லை. இருட்டு வோல்ட் 5இலிருந்து இறங்கும்போது மேல் எல்லைக்குக் கீழே வந்ததுமே லயம் தானாக எரியத் தொடங்கும். அப்போது வானம் இன்னும் இருட்டாகவே இருக்கும்.

வாங்க வேண்டியவை

ஐ.சி.கள்: எல்.எம்.339 மூன்று, எல்.எம்.358 ஒன்று, எல்.எம்.393 ஒன்று, யூ.எல்.என்.2803 ஒன்று, 7805 ஒன்று, டைமர் ஐ.சி. 7555 ஒன்று (கிடைக்காவிட்டால் என்.ஈ.555). பட்டிகளை எரித்து அணைக்கும் சுவிட்சாக மொஸ்ஃபெட் ஐ.ஆர்.எல்.இசட்.44என் இரண்டு. ஐ.சி. சொக்கெட்டுகள்: 14 கால் மூன்று, 8 கால் மூன்று, 18 கால் ஒன்று.

ரெசிஸ்டர்கள், கால் வாட்: 10 கிலோ ஓம் 13, 1 மெகா ஓம் 12, 4.7 கிலோ ஓம் 8, 3.3 கிலோ ஓம் 2, 1 கிலோ ஓம் 2, 100 கிலோ ஓம் 3, 100 ஓம் 2. விளக்குகளுக்கு 1.8, 2.7, 4.7 கிலோ ஓம் தேவைக்கேற்ப.

பல சுற்று சுற்றக்கூடிய 10 கிலோ ஓம் ட்ரிம்பொட் (ஸ்குரூ ட்ரைவரால் திருப்பும் சின்னத் திருகி) 12. முகப்புத் திருகிக்கு பி10கே என்று அச்சிட்ட பொட் ஒன்று. "பி" என்ற எழுத்தைக் கவனித்து வாங்குங்கள். "ஏ" வகை சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதற்கானது, சீராக நகராது.

கெப்பாசிட்டர்கள்: 470 மைக்ரோ ஃபரட் 25 வோல்ட் ஒன்று, 100 மைக்ரோ ஃபரட் 25 வோல்ட் இரண்டு, 0.33 மைக்ரோ ஃபரட் ஒன்று, 0.1 மைக்ரோ ஃபரட் செராமிக் பத்து, 0.1 மைக்ரோ ஃபரட் ஃபிலிம் வகை ஒன்று.

டயோட் 1என்5822 ஒன்று, 2 அம்பியர் கண்ணாடி ஃபியூஸும் அதன் பிடியும், அழுத்தும் பட்டன் ஒன்று, வெரோ போர்ட் (செப்புக் கோடுகள் உள்ள துளைப் பலகை), ஸ்குரூ டேர்மினல்கள், 12 வோல்ட் 3 அம்பியர் எடெப்டர். 230 வோல்ட் வேலை எதையும் நீங்களே செய்யாதீர்கள். மூடிய எடெப்டரை வாங்குவதே பாதுகாப்பு. 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியிருந்தால் தோட்டப் பகுதியின் ஏற்ற இறக்கமான கரண்டையும் அது தாங்கும்.

படி 1: மின் வழங்கல்

எடெப்டரின் நேர் முனை ஃபியூஸ் வழியாகவும் பிறகு 1என்5822 வழியாகவும் உள்ளே வரட்டும். முனையை மாற்றிச் செருகினாலும் டயோட் காப்பாற்றும். அதில் 0.4 வோல்ட் அளவு குறையும். ஆகவே உள்ளே 11.6 வோல்ட் என்று கணக்கிடுங்கள். அங்கிருந்து, 5 வோல்ட் தரும் 7805க்கு. அதன் உள்ளீட்டில் 0.33, வெளியீட்டில் 0.1 மைக்ரோ ஃபரட். வெளியீட்டிலிருந்து எடுக்கும் மின்னோட்டம் 20 மில்லி அம்பியரைத் தாண்டாது என்பதால் வெப்பத்தகடு வேண்டாம்.

அடுத்த விஷயத்தில்தான் பலருக்கும் சறுக்குகிறது. வானத்துக்காகப் படி 5இல் போடும் எல்.ஈ.டி. பட்டிகளின் மின்னோட்டம் பெரியது. அதன் எதிர் வயர் வெரோ போர்டின் மெல்லிய செப்புக் கோட்டின் ஊடாகத் திரும்பக் கூடாது. 0.8 அம்பியர் 0.1 ஓம் தடையில் ஓடினாலே 80 மில்லி வோல்ட் எழும். கம்பரேட்டர்களுக்கு நாம் கொடுக்கும் தாங்குதிறன் 50 மில்லி வோல்ட்தான். பட்டி மங்கும் நேரம் முழுக்க லயத்து விளக்குகள் படபடக்கும். மொஸ்ஃபெட்டின் சோர்ஸ் காலிலிருந்து தடித்த வயரை நேரே எடெப்டர் டேர்மினலுக்கு இழுங்கள். போர்டின் எதிர் வயரும் தனியே அதே டேர்மினலுக்கு வரட்டும்.

படி 2: இருட்டு வோல்ட்

முகப்புத் திருகியின் இரு ஓரக் கால்களை 5 வோல்ட்டுக்கும் எதிர் முனைக்கும் கொடுங்கள். நடுக்காலிலிருந்து 100 கிலோ ஓம், அதன் மறுமுனையில் 470 மைக்ரோ ஃபரட், கெப்பாசிட்டரின் மறுகால் எதிர் முனைக்கு. அந்தச் சந்தியை எல்.எம்.358இன் 3ஆம் காலுக்குக் கொண்டுபோங்கள். சந்தியிலிருந்து மின்னோட்டத்தை இழுக்காமல் அதே வோல்ட்டை வெளியே கொடுப்பது இதன் வேலை. 1ஆம், 2ஆம் கால்களை ஒன்றாக இணையுங்கள். 8க்கு 11.6 வோல்ட், 4 எதிர் முனைக்கு. பயன்படாத மறுபாதியில் 6ஐயும் 7ஐயும் இணைத்து, 5ஐ எதிர் முனைக்குக் கொடுங்கள். இனி இருட்டு வோல்ட் என்றால் 1ஆம் காலில் வருவது.

எல்.எம்.358ஐ விட்டுவிட்டு நேரே கம்பரேட்டர்களுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? 100 கிலோ ஓம் வழியாக வரும் மெல்லிய மின்னோட்டத்தை அடுத்த படியில் வரும் 1 மெகா ஓம் ரெசிஸ்டர்கள் இழுத்து, ஒரு விளக்கு எரியும்போது மற்ற விளக்கின் நேரத்தையும் மாற்றிவிடும்.

100 கிலோ ஓமும் 470 மைக்ரோ ஃபரட்டும் சேர்ந்தால் 47 வினாடி நேர மாறிலி, அதாவது ஏறி இறங்கும் வேகத்தின் அளவு. திருகியை முழுக்கத் திருப்பிவிட்டால் 92 வினாடியில் இருட்டு வோல்ட் 4.3ஐத் தொடும். நமது அகலக்கோட்டில் அந்தி நீண்டு கிடப்பதில்லை, பொழுது சாய்ந்த அரை மணிக்குள் இருட்டிவிடும். அதற்கு இந்த வேகம் சரியாகத் தோன்றும். அழுத்தும் பட்டனோடு 1 கிலோ ஓமைத் தொடராக வைத்து 100 கிலோ ஓமுக்கு இணையாகப் போடுங்கள். சோதனை செய்யும்போது ஒன்றரை நிமிடம் காத்திருக்க வேண்டியதில்லை.

படி 3: கம்பரேட்டர்கள்

எல்.எம்.339இன் கால் அமைப்பு ஏமாற்றும். மின் வழங்கல் (11.6 வோல்ட்) 3ஆம் காலிலும் எதிர் முனை 12ஆம் காலிலும் வரும், மூலைகளில் வராது. 4 (கழித்தல்), 5 (கூட்டல்) உள்ளீடுகளுக்கு வெளியீடு 2. 6 (கழித்தல்), 7 (கூட்டல்) உள்ளீடுகளுக்கு வெளியீடு 1. 8, 9க்கு 14. 10, 11க்கு 13. 1ஐயும் 2ஐயும் மாற்றிப் போட்டுவிட்டுத் தேடுகிறவர்கள் ஏராளம். ஒவ்வொரு ஐ.சி.யின் 3க்கும் 12க்கும் இடையே 0.1 மைக்ரோ ஃபரட் வையுங்கள்.

எரிய வைக்கும் கம்பரேட்டர்: இருட்டு வோல்ட் 10 கிலோ ஓம் வழியாகக் கூட்டல் காலுக்கு, ட்ரிம்பொட்டின் நடுக்கால் கழித்தல் காலுக்கு, வெளியீட்டிலிருந்து கூட்டல் காலுக்கு 1 மெகா ஓம்.

அணைக்கும் கம்பரேட்டர்: இருட்டு வோல்ட் நேரே கழித்தல் காலுக்கு, ட்ரிம்பொட்டின் நடுக்கால் 10 கிலோ ஓம் வழியாகக் கூட்டல் காலுக்கு, வெளியீட்டிலிருந்து கூட்டல் காலுக்கு 1 மெகா ஓம். இதன் வெளியீட்டை அதே விளக்கின் எரிய வைக்கும் கம்பரேட்டர் வெளியீட்டோடு சேர்த்துவிடுங்கள்.

ட்ரிம்பொட்களின் ஓரக் கால்கள் எல்லாம் 5 வோல்ட்டுக்கும் எதிர் முனைக்கும். 1 மெகா ஓம் எதற்கு என்றால், எல்லையைத் தொடும் நொடியில் விளக்கு நடுங்காமல் இருக்க. எரிந்த புள்ளிக்கும் அணையும் புள்ளிக்கும் இடையே ஏறக்குறைய 50 மில்லி வோல்ட் இடைவெளியை அது உண்டாக்கும்.

படி 4: விளக்குகளை ஓட்டுதல்

எட்டுக் கூட்டங்களின் (பட்டியல் படி 6இல்) வெளியீடு ஒவ்வொன்றிலிருந்தும் 11.6 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம் போட்டு, அதே சந்தியை யூ.எல்.என்.2803இன் 1 முதல் 8 வரையுள்ள கால்களுக்குக் கொடுங்கள். 9ஆம் கால் எதிர் முனைக்கு, 10ஆம் கால் வெறுமையாக இருக்கட்டும். 1ஆம் காலுக்கு நேரெதிரே உள்ள 18தான் அதன் வெளியீடு, 8க்கு 11. ஒரு வெளியீட்டில் 100 மில்லி அம்பியருக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். 500 என்று ஐ.சி.யின் விவரத்தாளில் இருப்பது ஒற்றைக் கால் தாங்கும் உச்ச வரம்பு. எட்டும் சேர்ந்து எரியும்போது ஐ.சி. கொதிக்கும்.

தளத்துக்குக் கீழே ஒரு பொதுச் சிவப்பு வயர், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு திரும்பு வயர். கம்ப்யூட்டர் நெட்வேர்க் கேபிளின் இழைகள் இதற்கு மிக நல்லவை, நிறமும் எட்டுக் கிடைக்கும். எந்த நிறம் எந்தக் கட்டடத்துக்கு என்று போர்டின் அடியிலேயே எழுதி ஒட்டுங்கள்.

வெதுவெதுப்பான வெள்ளை எல்.ஈ.டி.க்கு 3 மில்லி அம்பியரில் 2.9 வோல்ட் அளவு வேண்டும். யூ.எல்.என்.னில் 0.8 வோல்ட் போகும். ஒற்றை எல்.ஈ.டி.க்கு 2.7 கிலோ ஓம், இரண்டு தொடராக என்றால் 1.8 கிலோ ஓம். மூன்றைத் தொடராகப் போட்டால் ரெசிஸ்டருக்கு 2 வோல்ட்தான் மிஞ்சும், எல்.ஈ.டி.க்கு எல்.ஈ.டி. வெளிச்சம் மாறும். இரண்டோடு நிறுத்துங்கள்.

லயத்துக்கு 3 மில்லி அம்பியரே அதிகம். ஒற்றைக்கு 4.7 கிலோ ஓம் போட்டால் 1.7 மில்லி அம்பியர் வரும், அதுதான் சரியான வெளிச்சம். காம்பராவுக்குக் காம்பரா அட்டைத் தடுப்பு வையுங்கள், சுவரின் உட்புறத்துக்குக் கறுப்பு அடியுங்கள். பத்துக் காம்பரா லயத்தில் ஆறு ஏழு எரிந்தால் போதும், இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) ஒன்றிரண்டு. சில காம்பராக்களுக்கு மட்டும் குளிர்வெள்ளை போடுங்கள், இன்றைய லயத்தில் இரண்டு நிறமும் கலந்தே இருக்கும். ஃபெக்டரி மாடிக்கு முழுக்கக் குளிர்வெள்ளை.

அடுப்புக்கு மெழுகுவர்த்தி போல ஆடும் எல்.ஈ.டி. கிடைக்கிறது, ஆட்டும் சிப் அதற்குள்ளேயே இருக்கிறது. அதோடு சாதாரண சிவப்பு எல்.ஈ.டி. ஒன்றைத் தொடராக இணைத்தால் இரண்டும் சேர்ந்து ஆடும். 2.7 கிலோ ஓம் போதும். லயத்தின் பின்புறச் சமையலறைத் தரையில், நேராகப் பார்த்தால் தெரியாத இடத்தில் வையுங்கள். சுவரில் படும் செம்மைதான் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

கைகாட்டி (ரயில் சிக்னல்) விளக்கு எல்லாவற்றையும் விட மங்கலாக இருக்கட்டும், 1 மில்லி அம்பியருக்குக் குறைவாக. 10 கிலோ ஓம் வைத்துப் பாருங்கள். எண்ணெய் விளக்குக் காலத்துக் கைகாட்டிக் கண்ணாடியில் பச்சைப் பக்கம் நீலம் கலந்தே செய்யப்பட்டது, மஞ்சள் சுடர் அதன் வழியே வந்தால்தான் பச்சையாகத் தெரியும். ஆகவே வெதுவெதுப்பான வெள்ளைக்கு முன்னால் நீலப்பச்சைத் தாளை வையுங்கள்.

படி 5: வானம்

தளத்துக்கு மேலே பகலுக்கு வெள்ளைப் பட்டி, இரவுக்கு நீலப் பட்டி. மீட்டருக்கு 60 எல்.ஈ.டி. கொண்ட 3528 வகை மீட்டருக்கு 4.8 வாட், அதாவது 0.4 அம்பியர். இரண்டு மீட்டர் வெள்ளையும் அரை மீட்டர் நீலமும் போதும். நீலம் கூடினால் தளம் கல்யாண மண்டபம் போலாகிவிடும்.

டைமர் ஐ.சி.க்கு 5 வோல்ட் கொடுங்கள்: 8ஐயும் 4ஐயும் 5 வோல்ட்டுக்கு, 1 எதிர் முனைக்கு, 8க்கும் 7க்கும் இடையே 1 கிலோ ஓம், 7க்கும் 6க்கும் இடையே 10 கிலோ ஓம், 6ஐயும் 2ஐயும் இணைத்து அங்கிருந்து எதிர் முனைக்கு 0.1 மைக்ரோ ஃபரட் ஃபிலிம் கெப்பாசிட்டர். 3ஆம் கால் வேண்டாம். நமக்குத் தேவை 6ஆம் காலில் 1.67க்கும் 3.33க்கும் இடையே வினாடிக்குச் சுமார் 690 தடவை ஏறி இறங்கும் அலை. என்.ஈ.555 போடுவதானால் அதன் பக்கத்திலேயே 100 மைக்ரோ ஃபரட் வையுங்கள், அது மாறும்போது 5 வோல்ட் கோட்டை உலுக்கும். 7555இல் இந்தத் தொல்லை குறைவு.

எல்.எம்.393இல் முதல் பாதி பகலுக்கு: அலை 3ஆம் காலுக்கு, இருட்டு வோல்ட் 2ஆம் காலுக்கு, வெளியீடு 1. மறுபாதி இரவுக்கு: இருட்டு வோல்ட் 5ஆம் காலுக்கு, அலை 6ஆம் காலுக்கு, வெளியீடு 7. இரு வெளியீட்டிலிருந்தும் 11.6 வோல்ட்டுக்கு 3.3 கிலோ ஓம், பிறகு 100 ஓம் வழியாக மொஸ்ஃபெட்டின் கேட். கேட்டிலிருந்து எதிர் முனைக்கு 100 கிலோ ஓம். பட்டியின் எதிர் வயர் மொஸ்ஃபெட்டின் டிரெயின் காலுக்கு.

எல்.எம்.358உம் எல்.எம்.393உம் ஒரே கால் வரிசை. மாற்றிச் செருகினால் எதுவும் கருகாது, ஆனால் எதுவும் ஒழுங்காக வேலை செய்யாது. சொக்கெட்டின் அருகே எண்ணை எழுதிவிடுங்கள்.

படி 6: நேரம் வைத்தல்

ஐ.சி. எதையும் செருகாமல் முதலில் மின்சாரம் கொடுத்து, சொக்கெட்டுகளில் 11.6, 5 வோல்ட் சரியான கால்களில் வருகிறதா என்று பாருங்கள். பிறகு எல்.எம்.358 மட்டும். திருகியைத் திருப்பி, பட்டனை அழுத்தி, 1ஆம் காலில் 0க்கு அருகிலிருந்து 5க்கு அருகில் வரை போகிறதா என்று பாருங்கள். அதன்பிறகே மற்றவை.

ட்ரிம்பொட் நடுக்காலில் மல்டிமீட்டரை வைத்து இப்படித் தொடங்குங்கள்:

- கைகாட்டி: 1.8
- ஃபெக்டரி மேல்மாடி: 2.0
- கோயில்: 2.1இல் எரியும், 3.4இல் அணையும்
- ஸ்டேசன் மேடை: 2.2
- கடை: 2.4, 3.7
- முதல் லயம்: 2.6, 4.0
- துரை பங்களா வாசல்: 2.7
- இரண்டாம் லயம்: 2.9, 4.3

திருகியைத் திருப்பியதும் முதல் 19 வினாடி எதுவும் நடக்காது. இருட்டு வோல்ட் 1.67ஐ எட்டும் வரை வானம் முழு வெளிச்சத்திலேயே இருக்கும். 21ஆம் வினாடியில் கைகாட்டி, 24இல் ஃபெக்டரி, 41க்குள் கடைசி லயம். 52இல் வானம் முழுக்க இருண்டிருக்கும். 54இலிருந்து கோயில், கடை, லயங்கள் வரிசையாக அணையும். முழுக்க இருட்டிய பிறகு திருகியை மறுபடி பகல் பக்கம் திருப்பினால் 7ஆம் வினாடியில் இரண்டாம் லயம் எரியும், 10ஐ ஒட்டி முதல் லயம், 14இல் கடை, 18இல் கோயில். வானம் வெளுக்கத் தொடங்குவது 19இல்தான். ஏறும்போது தொடக்கம் விரைவாகவும் முடிவு மெதுவாகவும் இருக்கும் என்பதால், மேல் எல்லைகளில் 0.1 வோல்ட் மாற்றினாலே பல வினாடி நகரும். 4.3க்கு மேல் எதையும் வைக்காதீர்கள். காரணம் கீழே வருகிறது.

பழுதுகள்

லயம் அணையவே மாட்டேன் என்கிறதா? எல்.எம்.358இன் 1ஆம் காலை அளந்து பாருங்கள். திருகி முழுக்கத் திரும்பி ஐந்து நிமிடம் போன பிறகும் 4.1இலேயே நின்றால் 470 மைக்ரோ ஃபரட் கெப்பாசிட்டர் கசிகிறது. 100 கிலோ ஓமுக்கு 9 மைக்ரோ அம்பியர் கசிந்தாலே 0.9 வோல்ட் போய்விடும். கடையில் நெடுநாள் கிடந்த கெப்பாசிட்டர் தொடக்கத்தில் இப்படித்தான் கசியும். ஒரு மணி நேரம் மின்சாரத்தில் விட்டுப் பாருங்கள், தேறாவிட்டால் மாற்றுங்கள்.

அதே அறிகுறி ஈரத்தாலும் வரும். பட்டிப்பொல, ஒஹிய, நுவரெலியா பக்கம் மூடுபனி அறைக்குள்ளேயே வந்துவிடும். சோல்டர் செய்த இடத்தில் மிஞ்சிய ஃப்ளக்ஸ் ஈரத்தை உறிஞ்சி, செப்புக் கோடுகளுக்கு இடையே மின்னோட்டத்தைக் கடத்தும். மழை நாளில் மட்டும் கெட்டு, வெயில் நாளில் சரியாகும் பெட்டிக்குப் பெரும்பாலும் இதுதான் நோய். ஐசோபுரொப்பைல் அல்கஹோலும் பழைய பல்துலக்கும் பிரஷும் கொண்டு நன்றாகக் கழுவி, உலரவிட்டு, வார்னிஷ் அடியுங்கள். ட்ரிம்பொட், சொக்கெட், திருகி மேல் வார்னிஷ் படக் கூடாது. கெப்பாசிட்டர் சந்தியைச் சுற்றிய இரண்டு செப்புக் கோடுகளை வெறுமையாக விடுவது அதைவிடவும் உதவும்.

ஒரே ஒரு கூட்டம் எப்போதும் எரிந்தால், கூட்டல் கழித்தல் கால்கள் மாறியிருக்கும் அல்லது வெளியீட்டுக் கால் தவறியிருக்கும். எல்லையில் நடுங்கினால் 1 மெகா ஓமின் ஈயப்பற்றைப் பாருங்கள். எல்லாக் கூட்டமும் வானம் மங்கும்போது மட்டும் நடுங்கினால் முதல் படியில் சொன்ன எதிர் வயர்தான். பகல் பட்டி இருட்டில் முழுக்க அணையாமல் மினுங்கினால், டைமர் அலையின் மேல்முனை 3.33ஐத் தாண்டுகிறது அல்லது இருட்டு வோல்ட் அதுவரை ஏறவில்லை.

இந்தப் பெட்டியின் எதிர் முனையைத் தண்டவாளத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கன்ட்ரோலரோடு எங்கும் சேர்க்காதீர்கள். கோச்சியைப் பின்னோக்கி ஓட்டும்போது தண்டவாளத்தின் முனைகள் இடம் மாறும், பொது வயர் இருந்தால் அந்த நொடியே ஷோர்ட் ஆகக்கூடும். ஒரே எடெப்டரிலிருந்து இரண்டுக்கும் எடுப்பதும் இதே தவறுதான். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடி தொடங்கினால், ஓடுவதை நிறுத்தி இரண்டு எடெப்டர்களையும் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.